மிச்சமான ஸ்பிரிங்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பிரித்துப் போட்டிருந்த எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் காரை மறுபடி பூட்டி முடித்தபோது பிஸ்கட் டப்பாவில் ஒரு போல்ட், ஒரு ரப்பர் வளையம், ஒரு ஸ்பிரிங் மிச்சம். "எல்லா வண்டியிலும் மிஞ்சும் சார், விடுங்க" என்றார் மெக்கானிக். எனக்குத் தூக்கம் வரவில்லை.

போல்ட் 8 மி.மீ. இந்த வண்டியில் இருப்பதோ 5/16 அங்குல யுஎன்எஃப் எனும் நெருக்கமான மரை, அங்குலத்துக்கு 24. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வண்டி நட்டைப் போட்டுப் பார்த்தேன், மரை சேராமல் இரண்டு சுற்றில் இறுகிவிட்டது. சரி, இது என் ஸ்கூட்டருடையது. ரப்பர் வளையம் தோட்டத்துக் குழாயில் போடுவது.

ஸ்பிரிங்தான் ஆட்டம் காட்டியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பனியனால் துடைத்தபோது கடைசிச் சுருளில் ஒரு பொட்டு சிவப்பு பெயிண்ட்! இந்த வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் ஸ்பிரிங்குகளுக்கு பலத்தைப் பொறுத்து நிறம் வைப்பார்கள். எம்ஜிபிக்குச் சிவப்பு.

வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். ஏர் ஃபில்டரையும், பிஸ்டன் துள்ளாமல் தடுக்கும் டாம்பர்களையும் கழற்றிவிட்டு, விரலால் பிஸ்டன்களைத் தூக்கினேன். முன்னது எதிர்த்துத் தள்ளியது. பின்னது இறகு மாதிரி எழும்பியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி இருமியதும் இதனால்தான். மூன்று திருகைக் கழற்றி ஸ்பிரிங்கை உட்கார வைத்தேன், அப்புறம் இருமல் இல்லை.