"மருந்து அடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதிதாக வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள், கர்ப்பிணிகளிடம் பூச்சிமருந்து, காரீயம் (lead) போன்ற நஞ்சுகளைப் பற்றி விசாரிப்பதில் முன்னால் இருந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கை கழுவச் சொல்வது, காய்கறியை அலசச் சொல்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

அடிப்பவரை மட்டும் தேடுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கர்ப்பிணியிடம் "மருந்து அடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "நான் இல்ல சிஸ்டர், அவுகதான் அடிப்பாக" என்று பதில் வரும். 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பெண்தான் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லி எடுக்கப் போகிறார். முந்தின சாயங்காலம் மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து பனி ஈரத்தோடு விரலில் ஏறுகிறது. அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிள் சொல்லும். சீசனில் மல்லியைத் தினமும் எடுத்தாக வேண்டும், ஒரு நாள் விட்டால் மொட்டு பூத்து விலை போகாது. அதனால் காத்திருப்பு நாளை யாரும் கடைப்பிடிக்க முடிவதில்லை. வீடு திரும்பியதும் கணவர் மருந்து அடித்த கைலியைத் துவைப்பதும் இவரே.

இப்படிக் கேளுங்கள்: பூ எடுக்கப் போறீங்களா? கடைசியா எப்ப அடிச்சாங்க? அந்தத் துணியை யார் துவைக்கிறா? டப்பா எங்க இருக்கு, அதுல முக்கோணம் என்ன நிறம்? சிவப்பு மிகக் கடும் நச்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான். துணியை மருந்து அடித்தவரே தனி வாளியில் சோப்புப் போட்டுத் துவைக்கட்டும். குளித்துவிட்டு வீட்டுக்குள் வரட்டும்.

ஒவ்வொரு நஞ்சும் அளவுக்குள் இருக்கிறது என்று நிம்மதி அடைவது

ஈயம், அதாவது காரீயம், நஞ்சுக்கொடியைத் தாண்டும். பல பூச்சிமருந்துகளும் தாண்டும். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. ஈயம் கால்சியத்தின் இடத்தில் புகுந்து அதே நரம்பு இணைப்புகளைக் குலைக்கிறது. இந்த மருந்துகளை முறிக்கும் பாராக்சோனேஸ் நொதி கருவில் மிகக் குறைவு. ஆய்வகச் சோதனையில் ஈயம் அந்த நொதியையும் தடுக்கிறது. இரண்டும் விழுவது ஒரே மூளையில் என்பதால் தனித்தனி அளவுகள் முழுக் கணக்கைச் சொல்லாது.

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது, அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டிய அளவு. அதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று பொருளில்லை.

மண் தின்பதைச் சிரித்துத் தள்ளுவது

திருநீறு, செங்கல், சிலேட்டுப் பல்பம் தின்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் ஆசை இது. இரும்பு குறைந்த குடல் ஈயத்தையும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தையும் கூடுதலாக உறிஞ்சும். தின்னும் மண்ணிலேயே ஈயம் இருந்தால் இரட்டை அடி.

வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குழப்புவது

ஈயச் சொம்பும் பித்தளைக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம் (tin). நஞ்சு காரீயம். பூச்சில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, புளி ரசம் அதைக் கரைத்து இழுக்கும். பிரசவம்வரை ரசத்துக்கு எவர்சில்வர் போதும்.

செந்தூரம், பற்பம்

உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்யும் சித்த மருந்துகள் இவை. சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் விடாதீர்கள்.

இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகக் கொடுப்பது

இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை அலட்சியம் செய்யவும் கூடாது: கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது, சிறு வயதில் அங்கே சேர்ந்த ஈயமும் ரத்தத்துக்கு வரும். இன்று எந்த நஞ்சும் தொடாத பெண்ணுக்கும் இது பொருந்தும்.

கர்ப்பம் பதிவானபின் தொடங்குவது

கரு உருவாகி சுமார் 28 நாளில், பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளியதே உறுதியாகியிருக்காது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் புதுமணப் பெண்ணின் பெயரை எழுதும் அன்றே இந்தக் கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.