கல்லீரல் சிரைகளை சி.டி.யில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரல் கொடையாளரின் சி.டி.யைப் புதிதாகப் படிக்க உட்காருபவர்கள் சறுக்கும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. போர்ட்டல் சிரை (கல்லீரலுக்குள் ரத்தம் கொண்டுவருவது) எது, கல்லீரல் சிரை (வெளியே கொண்டுபோவது) எது என்று குழம்புவதை எல்லாம் இங்கே விட்டுவிடலாம். அது இரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும்.

மேலே மூன்றைப் பார்த்ததும் எழுந்துவிடுவது

வலது, நடு, இடது என மூன்று சிரைகள் உதரவிதானத்துக்குச் சற்றுக் கீழே கீழ்ப் பெருஞ்சிரையில் (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை; இனி பெருஞ்சிரை) சேருகின்றன. அந்த இடம் திரையில் அழகாகத் தெரிந்ததும் "கல்லீரல் சிரைகள் இயல்பு" என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் அடுத்த ரிப்போர்ட்டில் திரும்ப வந்து நிற்கும் வரி அது.

பலருக்கு, கல்லீரலின் எட்டுப் பிரிவுகளில் வலப்பக்கம் கீழே உள்ள 6-ஆம் பிரிவிலிருந்து ஒரு தனிச் சிரை கிளம்பி, வலது சிரையோடு சேராமல், சில செ.மீ. கீழே நேரே பெருஞ்சிரைக்குள் போகிறது. இதுதான் கீழ் வலது கல்லீரல் சிரை. இது பெரிதாக இருப்பவர்களிடம் வலது சிரை மெலிந்திருப்பது வழக்கம். ஆகவே மேலே ஒல்லியான வலது சிரையைக் கண்டால், கீழே தேட வேண்டும் என்பதற்கு அதுவே துப்பு.

தேடும் முறை: பெருஞ்சிரையின் வலப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அது கல்லீரலை விட்டு விலகும் வரை ஒவ்வொரு துண்டாக இறங்குங்கள். இரண்டு இடங்களில் கண் ஏமாறும். சிறுநீரகங்களிலிருந்து சாயம் (ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் மருந்து) கலந்த ரத்தமும், கால்களிலிருந்து சாயமில்லாத ரத்தமும் பெருஞ்சிரையில் கலந்து சுழலும்போது, சிரை திறக்கும் வாய் மங்கிப்போகும். அடுத்தது வலது அட்ரினல் சிரை. அதுவும் அக்கம்பக்கத்தில்தான் பெருஞ்சிரையில் சேருகிறது. சந்தேகம் வந்தால் பின்னோக்கித் தொடருங்கள். கல்லீரலுக்குள் போகிறதா, பின்னால் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

கண்டுபிடித்த பின் "கூடுதல் சிரை உள்ளது" என்று முடித்தால் அறுவை மருத்துவருக்குப் பாதிச் செய்திதான் போகிறது. அவருக்கு வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று, விட்டம்: 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அதைக் காப்பாற்றித் தனியே தைக்க வேண்டியிருக்கும். மற்றது, வலது சிரையின் வாயிலிருந்து தூரம். இதைக் கரோனல் படத்தில் (உடலை முன்னிருந்து பார்ப்பது போன்ற வெட்டு) அளக்க வேண்டும். 4 செ.மீ.யைத் தாண்டினால், பெறுபவரின் பெருஞ்சிரையில் ஒரே கிளாம்ப்புக்குள் (ரத்தக் குழாயை இறுக்கும் இடுக்கி) இரண்டையும் தைப்பது கடினம்.

சொல்லாமல் விட்டால்? வலது மடலைப் பெருஞ்சிரையிலிருந்து பிரிக்கும்போது அந்தச் சிரை கிழிந்து கொடையாளருக்கு ரத்தம் கொட்டலாம். கட்டி வெட்டிவிட்டால், உள்ளே வரும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, 6-ஆம் பிரிவு கருத்துப் புடைக்கும். கணக்கும் கவிழும். பெறுபவர் 60 கிலோ, அவர் எடையில் 0.8 சதவீதம் வேண்டும் என்றால் 480 கிராம் கிராஃப்ட் (எடுத்துப் பொருத்தும் கல்லீரல் பகுதி) தேவை. ரிப்போர்ட்டில் 520 என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். அதில் 80 கிராம் தேங்கிக் கிடந்தால் வேலை செய்வது 440 தான்.

நடுச் சிரையின் கிளைகளை எண்ணாமல் விடுவது

நடுச் சிரை கொடையாளரிடமே தங்குகிறது என்றால், 5, 8-ஆம் பிரிவுகளிலிருந்து அதில் சேரும் கிளைகள் வெட்டுப்படும். பெரிய கிளைகளுக்கு இடைக்குழாய் வைத்துத் தைக்க வேண்டும். நடுச் சிரை கிராஃப்ட்டோடு போகிறது என்றால் கவலை 4-ஆம் பிரிவுக்கு. அதன் வடிகால் இடது சிரைக்கும் உண்டா என்று பாருங்கள்.

போர்ட்டல் சிரை இரண்டாகத்தான் பிரியும் என்று நம்புவது

மூன்றாகவும் பிரியும். சிலரிடம் வலது பின்கிளை முதலில் பிரிந்துவிட, முன்கிளை இடது போர்ட்டலிலிருந்து கிளம்பும். அங்கே இடது மடலை எடுப்பவர் முன்கிளைக்கு முன்பே கட்டிவிட்டால் 5, 8-ஆம் பிரிவுகள் போர்ட்டல் ரத்தத்தை இழக்கும்.

5 மி.மீ. துண்டுகளில் படிப்பது

வேண்டாம். 1 மி.மீ. கேளுங்கள்.

தமனிக் கட்டப் படத்தில் சிரை தேடுவது

சாயம் ஏற்றி 35 வினாடியில் கல்லீரல் சிரைகளுக்கு அது வந்திருக்காது. 70 வினாடியை ஒட்டிய படத்தைத் திறங்கள்.

நடுச் சிரையும் இடது சிரையும் ஒரே தண்டாகச் சேர்வதை "மாறுபாடு" என்று எழுதுவது

பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான்.