லயத்துப் பிள்ளைகளோடு நான்கு சனிக்கிழமைகள்: ஓவியப் பட்டறை நடத்துவது எப்படி?

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சங்கடம் உண்டு. கடைவீதியில் யாரோ 'பாண்டி' என்று, தமிழர்களை இளக்காரமாகக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பொங்கலுக்குத் தேனிப் பக்கம் தாத்தா ஊருக்குப் போனால், 'மலையாளத்துப் பிள்ளை வந்திருக்கு' என்பார்கள். 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது மூணாறு இருக்கும் தேவிகுளமும், பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அந்தக் கணக்கெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. 'அப்போ நான் எந்த ஊருப் பிள்ளை?' என்ற கேள்வி மட்டும் அதனிடம் இருக்கிறது.

இதே பிள்ளையின் வீட்டில் குடி இருக்கலாம். அப்பா அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, அப்பத்தாவோடு தங்கியிருக்கலாம். பள்ளிக்குப் போவதே நின்றிருக்கலாம். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு ஓவியப் பட்டறை நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. பொறுமையாகப் பக்கத்தில் உட்காரத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன்

ஒன்பது முதல் பதினான்கு வயது வரை, ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் சேர்த்தால் பேசாத பிள்ளை கண்ணில் படாமல் போகும். பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் ஒருவர் மட்டும் தனி அறையில் இருக்கக் கூடாது. வீட்டாரிடம் நேரில் போய் அனுமதி கேளுங்கள். அதற்கு மாலையில் போவது நல்லது. பகலில் எல்லோரும் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பொருட்கள்: சார்ட் பேப்பர், கிரேயான், அடுப்புக்கரி, பழைய நாளிதழ், பசை, காலி ஷூ பெட்டிகள், கொதிக்கவைத்த டீத்தூள் சாயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போஸ்டர் கலரைத் தொடாதீர்கள். அந்த மழையில் அது காயவே காயாது, தாளும் ஊறிப்போகும்.

முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுங்கள்: 'உன் தாள் உன்னுடையது. காட்ட விருப்பமில்லை என்றால் காட்ட வேண்டாம். கிழிக்கத் தோன்றினால் கிழிக்கலாம்.' சொன்னபடி நீங்களும் நடக்க வேண்டும். கடினம் அங்கேதான் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை: பெயர்

தாள் முழுக்க நிறையும்படி தங்கள் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் அவர்களுக்குப் பிடித்த கோலம், கோடு, பூ எதை வேண்டுமானாலும் நிரப்பட்டும். பிறகு இன்னொரு தாளில் அதே பெயரை மலையாளத்தில். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு நீங்கள் மெல்லிய கோட்டில் எழுதிக்கொடுங்கள், அது மேலே வண்ணம் பூசிக்கொள்ளும்.

அப்புறம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இந்தப் பெயரை உனக்கு வைத்தது யார்?' என்று மட்டும் கேளுங்கள். குலசாமி பெயர், செத்துப்போன தாத்தாவின் பெயர், பிரசவம் பார்த்த நர்ஸின் பெயர் என்று கதைகள் தானாக வரும். 'எனக்குத் தெரியாது டீச்சர்' என்று சொல்லும் பிள்ளையும் இருக்கும். 'சரி, வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த வாரம் சொல்' என்று விட்டுவிடுங்கள். கேட்க ஆள் இல்லாத பிள்ளை என்று தெரிந்தால், 'யார் கூப்பிட்டால் உனக்குப் பிடிக்கும்?' என்று கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். பட்டப்பெயரைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவற்றில் பாதி காயப்படுத்த வைத்தவை.

பெயருக்கு ஒரு முழு நாளையே நான் கொடுப்பதற்குக் காரணமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் முகாமில் 1942 முதல் 1944 வரை குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். ஆட்களை எண்களாக்கிய அந்த இடத்தில், குழந்தைகளைத் தங்கள் படங்களில் சொந்தப் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 படங்கள் பிழைத்தன. இன்று அவை பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் அவரை நினைத்துக்கொண்டுதான் கிரேயான் பெட்டியைத் திறக்கிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை: நான் நடக்கும் வழி

பலரும் முதலில் 'உன் வீட்டை வரை' என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்ல வேண்டாம். லயத்து வீடு கம்பெனியுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அந்தப் பேச்சைப் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

அதற்குப் பதிலாக, காலையில் எழுந்ததிலிருந்து நடக்கும் வழியை வரையச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய், மாடசாமி கோயில், மஸ்டர் (தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் இடம்), கடை, பள்ளி, யானை வரும் வளைவு. பிறகு இரண்டு நிறம் கொடுங்கள்: மெதுவாக நடக்கும் இடத்துக்கு ஒன்று, ஓடிக் கடக்கும் இடத்துக்கு ஒன்று. ஏன் ஓடுகிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஒரு பையன் பத்துக் கதவுள்ள லயத்தை வரைந்து ஒரே ஒரு கதவை மட்டும் கருப்பாக்கியிருந்தான். 'இது யார் வீடுப்பா?' என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பின. தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு வாரம் வரவில்லை. நான் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவனுடைய கதவை அவன் திறக்கும் முன்னால் நான் தள்ளிவிட்டேன்.

படத்தைப் பார்த்து மனதைப் படிக்க முயலாதீர்கள். கருப்பு என்றால் சோகம், பெரிய பல் என்றால் கோபம் என்று சூத்திரம் எதுவும் இல்லை. 'இதைப் பற்றிச் சொல்லணும்னு தோணுதா?' என்பது போதும். இல்லை என்று தலையாட்டினால் அதுவும் பதில்தான்.

மூன்றாம் சனிக்கிழமை: பெட்டி

ஷூ பெட்டியின் வெளிப்பக்கத்தில் 'மற்றவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள்', உள்ளே 'எனக்குத் தெரிந்த நான்'. நாளிதழ் வெட்டுகள், சாயம், இலை, துணி என்று எதையும் ஒட்டலாம். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

'பாண்டி' என்ற சொல் பெரும்பாலும் இந்த நாளில்தான் வரும். ஒரு பெண் அதை மலையாளத்திலேயே வெளியே பெரிதாக எழுதினாள். உள்ளே ஒரு பக்கம் அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலைத் துண்டு, எதிர்ப்பக்கம் அவளுடைய மலையாளத் தோழியோடு சேர்ந்து போட்ட ஓணப் பூக்களம். 'ரெண்டும் எனக்கு வேணும் டீச்சர்' என்றாள். நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. நீங்களும் 'நாம் எல்லோரும் ஒன்று' என்று அங்கே பேச ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை தானே கண்டுபிடித்ததை நாம் பிரசங்கமாக்கினால் அது கையைவிட்டுப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையைத் தாளின் மேல் படுக்கவைத்து உடலைச் சுற்றிக் கோடு போடும் பயிற்சியைப் பல பட்டறைகளில் செய்கிறார்கள். உடம்பில் வன்முறையைச் சந்தித்த பிள்ளைக்கு அது தாங்க முடியாததாக இருக்கலாம். யாருக்கு என்ன நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் அவரவர் கையை அவரவரே வரைந்துகொள்ளட்டும்.

ஏதாவது வெளியே வந்தால்

பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், வரைவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 'உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்' என்று சொல்லுங்கள். பாலியல் வன்முறை என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மற்ற ஆபத்துகளுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் எண்ணையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டறை சிகிச்சை ஆகாது. தூக்கமின்மை, தன்னையே காயப்படுத்துவது போன்றவற்றைக் கண்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நான்காம் சனிக்கிழமை: காட்டுவதா, வேண்டாமா

ஆளுக்கு மூன்று அட்டை கொடுங்கள்: 'எல்லோருக்கும் காட்டலாம்', 'நம் குழுவுக்கு மட்டும்', 'எனக்கு மட்டும்'. பிள்ளையே தன் படங்களின் மேல் வைக்கட்டும். முதல் வகையை மட்டும் வீட்டார் பார்க்கச் சுவரில் மாட்டுங்கள். ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் ஆசை வரும். உங்களுக்குப் பணம் கொடுத்தவரும் கேட்பார். முகமும் பெயரும் வெளியே போகக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது.

முடிந்ததும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், லயத்துச் சுவரில் ஈரம் அதிகம். தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்த அந்தப் பையன் அதிலிருந்து மூன்றாவது வாரம் திரும்பி வந்தான். அவனுக்கும் ஒரு உறை கொடுத்தேன். தாளை நீவி உள்ளே வைத்து, மேலே தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டான்.