நவராத்திரிக்கு ஊருக்கு வருவோருக்கு: திருவனந்தபுரத்துக் கச்சேரிகளும் தவறிப்போன ஒரு மாலையும்

குமரி மாவட்டத்திலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ வெளிநாடு போய்க் குடியேறியவர்கள் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஊருக்கு வருவதானால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மன் என்றைக்கு யானையேறிப் புறப்படுகிறாள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பர் வழிபட்டதாகக் காலங்காலமாகச் சொல்லப்படும் அந்தத் தேவாரக்கட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் தக்கலை, குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று, நவராத்திரி தொடங்குவதற்கு முன்பே தலைநகரான திருவனந்தபுரத்தை அடைந்துவிடுவார்கள். 1956 நவம்பர் 1 அன்று நம்முடைய தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் இந்தப் பயணம் நிற்கவில்லை. ஊர்வலத்தைக் காண்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அம்மன் போய் அமர்ந்த பிறகு கோட்டைக்குள் குதிரைமாளிகை அரண்மனையை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் நடக்கும் கச்சேரிகளுக்காகச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நான் மூன்றாம் நாள்தான் வந்து இறங்கினேன். அதுவே என்னுடைய முதல் தவறு.

அந்த மண்டபத்தில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கச்சேரி எட்டரை மணியளவில் முடிந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒரு நவராத்திரிக் கீர்த்தனை உண்டு. அதன் ராகமே அன்றைய பிரதான ராகம். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி என்று வந்து ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவடையும். ஆகவே எந்த நாளில் யார் பாடுகிறார் என்பது தெரியாவிட்டாலும் எந்த ராகம் விரிவாகப் பாடப்படும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பிடித்த ராகத்துக்கு ஏற்ப நாளைத் தேர்ந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. கோயிலுக்குப் போகும் உடையில் போக வேண்டும். கைதட்டும் வழக்கம் அங்கே இல்லை. வெளிநாட்டு அரங்குகளில் பழகியவர்களின் கை தானாக எழுந்துவிடும் என்பதால் உடன் வரும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். பெண்கள் பாடுவதற்கு அங்கே நெடுங்காலம் இடம் தரப்படவில்லை. 2006ஆம் ஆண்டில்தான், நம் எல்லையை அடுத்த பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள் அங்கே பாடிய முதல் பெண்மணி ஆனார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. 2021இல் அவர் மறைந்தார்.

என் அத்தைக்கு அந்த 2006ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆண்டு. தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வானொலியை வைத்துக்கொண்டு ஒன்பது மாலையும் கச்சேரி கேட்டவர் அவர். திருமணத்தோடு பாட்டு நின்றுபோனவர். அவர் பக்கத்தில் படுத்துக் கேட்டபடி, "நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவேன்" என்று சிறுவனாகச் சொன்னவன் நான். சம்பாதிக்கத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன, அத்தனையும் மெல்பர்னில். சென்ற ஆண்டு நான் வருவதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மக்களே. சரஸ்வதி அம்மைக்க முன்னால ஒரு நாளு இருந்து பாட்டு கேட்டா மதி." பைரவி கேட்க வேண்டும் என்பதால் ஐந்தாம் நாள் போவதாக இருவரும் முடிவு செய்திருந்தோம்.

நான் வந்து இறங்கிய இரவே சித்தப்பா வீட்டுக்கு வந்தார். நகரத்தில் ஓர் அரங்கில், ஒன்பதாம் நாள் மாலை, சினிமாப் பாட்டும் நகைச்சுவையும் சேர்ந்த பெரிய நிகழ்ச்சி ஒன்று நடக்கவிருந்தது. "வெளிநாட்டுல இருந்து வந்திருக்க, எல்லாரையும் ஒரு நல்ல பரிபாடிக்குக் கொண்டு போகக்கூடாதா?" என்றார். எல்லாரும் என்றால் பதின்மூன்று பேர். முன்வரிசையாக இருக்க வேண்டும், ஒரே வரிசையாக இருக்க வேண்டும், அவருடைய சம்பந்தி வீட்டார் நான்கு பேர் நடுவில் இருக்க வேண்டும். அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர் சித்தப்பா. நானோ அப்பா இறந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அவர் அதை ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அவர் எதைக் கேட்டாலும் என்னால் மறுக்க முடிவதில்லை. ஊருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு என்ன செய்வது என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்கும்போது தீர்மானிக்க முடியாது.

நான்காம் நாள் முழுவதும் கைபேசியோடு போயிற்று. இணையத்தில் சீட்டுப் பதிவு செய்ய இந்திய எண் கேட்டது. தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். என் ஆஸ்திரேலிய வங்கி அட்டையை அது இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை பணத்தை எடுத்துக்கொண்டு உறுதிச் செய்தி எதையும் அனுப்பாமல் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் காலை நேரில் போனேன். பணம் வந்திருக்கிறது, ஆனால் அட்டைக்கு உரியவர் அசல் கடவுச்சீட்டைக் காட்டி, பதிவு விவரத்தை அச்செடுத்துக் கொடுத்தால்தான் சீட்டு தர முடியும் என்று அரங்க அலுவலகத்தில் சொன்னார்கள். கடவுச்சீட்டு தக்கலையில் இருந்தது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பாலராமபுரத்து நெரிசலில் நின்று, நெய்யாற்றின்கரையில் நின்று, களியக்காவிளையில் நின்று வீடு போய்ச் சேர்ந்து, அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. அன்றைக்குத்தான் பைரவி. அத்தை பட்டுச்சேலை உடுத்தி நான்கு மணியிலிருந்து திண்ணையில் காத்திருந்தார் என்று தம்பி மனைவி பிறகு சொன்னாள். ஆறாம் நாள் மறுபடி போனேன். முன் இரண்டு வரிசைகள் விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டவை, நான் பணம் கட்டிய இடங்கள் அவற்றில்தான் வருகின்றன, ஆகவே பின்வரிசைகளில் பிரித்துத் தர முடியும் என்றார்கள். பதின்மூன்று பேரையும் ஓரளவு சேர்த்து உட்கார வைக்க, ஏற்பாட்டாளரின் இன்னோர் அலுவலகத்தில் மாலை வரை நின்றேன். அங்கிருந்தவர் என்னோடு மலையாளத்திலும், தமது மேலாளரோடு தொலைபேசியில் நல்ல தமிழிலும் பேசினார். கடைசியில் சீட்டுகள் கிடைத்தன. ஏழாம் நாள் நான் காய்ச்சலில் படுத்தேன். எட்டாம் நாள் மாலை பூஜை வைப்பு; புத்தகங்களையும் அவருடைய பழைய பாட்டு நோட்டையும் அம்மன் முன் வைக்காமல் அத்தை வீட்டைவிட்டு எங்கும் வர மாட்டார். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவயதில் அந்த நோட்டுக்கு மஞ்சள் தடவிக் கொடுத்தவன் நான்தான்.

ஒன்பதாம் நாள் பதின்மூன்று பேரோடு அத்தையையும் அழைத்துக்கொண்டு அரங்குக்குப் போனேன். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சியில் ஏழரை வரை பாராட்டுரைகள் நடந்தன. மிமிக்ரிக் கலைஞர்கள் திறமையானவர்கள்; சித்தப்பாவின் சம்பந்திகள் மனமாரச் சிரித்தார்கள். ஒலிபெருக்கியின் அதிர்வு தாங்காமல் அத்தை காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நடுவில் என் கையைத் தொட்டு, "இப்போ அங்க ஆரபி தொடங்கியிருக்கும்" என்றார். ஆட்டோவில் கால் மணி நேரத் தூரத்தில் மண்டபம் இருந்தது. எழுந்து அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். வரிசையின் நடுவில் இருந்ததையும், சித்தப்பா என்ன நினைப்பார் என்பதையும் எண்ணி உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விஜயதசமி. நான் விமான நிலையத்துக்குப் புறப்பட்டபோது அத்தை புத்தகத்தை எடுத்து ஒரு வரி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். வேறெதையும் அவர் சொல்லவில்லை.

ஆகவே, பணம் கட்டிப் போகும் அரங்க நிகழ்ச்சி எதுவானாலும் சீட்டுப் பொறுப்பை உள்ளூரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைத்து, நீங்கள் அவருக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால், 2023 ஜனவரியிலிருந்து ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, ஐக்கிய அரபு அமீரகம் முதலான சில நாடுகளின் கைபேசி எண்களிலேயே யுபிஐ பயன்படுத்த அனுமதி உண்டு. உங்கள் வங்கி அதை நடைமுறைப்படுத்தியிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். அசல் கடவுச்சீட்டைத் தலைநகருக்குப் போகும் நாட்களில் கையோடு வைத்திருங்கள். முன்வரிசை கேட்பவரிடம், முன்வரிசை விருந்தினருக்கு உரியது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நவராத்திரிக்கு வர இயலாதவர்களுக்கு வேறு காலங்களும் உண்டு. ஜனவரி முதல் பாதியில் குதிரைமாளிகை முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும். கனகக்குன்று வளாகத்தின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கிலும், வழுதக்காட்டு டாகூர் தியேட்டரிலும், 1896இல் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலாகக் கட்டப்பட்டு 2019இல் அய்யங்காளி ஹால் என்று பெயர் மாற்றப்பட்ட அரங்கிலும் பாட்டு, நடனம், நாடகம் என ஏதேனும் ஒன்று நடந்துகொண்டேயிருக்கும். சுவரொட்டிகளில் மலையாள மாதப் பெயர் இருந்தால், கன்னி என்பது நம் புரட்டாசி, துலாம் என்பது ஐப்பசி, விருச்சிகம் என்பது கார்த்திகை என்று கொள்ளுங்கள். நகைச்சுவை வேண்டுமென்றால், ஒருவரே நடித்துக் கதை சொல்லும் கேரளக் கோயில் கலையான சாக்கியார் கூத்தை ஒருமுறை பாருங்கள். சபையில் இருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் அவரைக் கேலி செய்யும் உரிமை சாக்கியாருக்கு மரபாகவே உண்டு. மலையாளம் ஓரளவு தெரிந்த நம் ஊர்க்காரர்களால் பாதிக்கு மேல் பின்தொடர முடியும். பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேரையொட்டிய சங்கீத உற்சவமும், கார்த்திகையில் குருவாயூர் ஏகாதசியோடு நிறைவடையும் செம்பை சங்கீத உற்சவமும் இருக்கின்றன.

வயதானவர்களோடு மண்டபத்துக்குப் போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கே கிழக்கேக்கோட்டையில் இருக்குமாறு புறப்படுங்கள். தக்கலையிலிருந்து என்றால் மதிய உணவை முடித்த கையோடு கிளம்ப வேண்டும். பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டி நடக்க வேண்டியிருக்கும். கோயில் கூட்டத்தில் அவர்கள் கையை விடாதீர்கள். பெரும்பாலும் தரையில்தான் அமர வேண்டும். எட்டரைக்கு முடிவதால் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பேருந்து பிடிப்பது சிரமமில்லை. ஆனாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் காரே நல்லது.

இந்த ஆண்டு அம்மன் புறப்படுவதற்கு முந்தைய நாள் வந்து இறங்குமாறு சீட்டு எடுத்திருக்கிறேன். சித்தப்பாவிடம் பேசிவிட்டேன்; முதல் ஐந்து நாட்கள் அத்தைக்கு என்றேன், சரி என்றார். இரண்டரை மணி நேரம் தரையில் இருக்க முடியுமா என்று சென்ற வாரம் அத்தையிடம் கேட்டேன். தினமும் மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் பாய் விரித்து இருந்து பழகுகிறாராம். இப்போது ஒரு மணி நேரம் இருக்க முடிகிறது என்றார்.