பெட்ரோல் பம்ப்பில் மரை போனால்: பழைய அம்பாசிடருக்கு நான் செய்தது

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் பெட்ரோல் வாடை. வண்டி அப்பாவுடைய 1978 அம்பாசிடர் மார்க் 3. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பில் மாட்டியிருக்கும் பித்தளை யூனியனை (குழாயை இணைக்கும் திருகு மூட்டு) சுற்றி ஈரம். ஸ்பேனர் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. மரை, அதாவது திருகு வரி, அழிந்துபோயிருந்தது. கட்டி இழுத்துத்தான் தர்மபுரி கொண்டுவந்தோம்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பம்ப்பை வெளியே எடுத்துப் பிரித்து, மரை போன பாகத்தை மட்டும் துடைத்துக் காயவைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் வைத்தபடியே டிரில் போட யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஒரு பொறி போதும்.

இனி, நான் மாட்டிக்கொண்ட இடம். ஒரு மாதம் முன்பு கடையில் புது யூனியன் வாங்கி நானே மாட்டினேன். இரண்டு சுற்று சுலபமாகப் போய் இறுகியது. நல்ல இறுக்கம் என்று நினைத்து ஸ்பேனரால் அழுத்தினேன். மரை போனது அன்றைக்குத்தான். பட்டறை லேத் அண்ணன் பிட்ச் கேஜை (மரையின் இடைவெளியை அளக்கும் பல் தகடு) வைத்துக் காட்டினார்: "தம்பி, பம்ப்புல இருக்கறது பிஎஸ்பி. நீ போட்டது என்பிடி." பிஎஸ்பி பிரிட்டிஷ் குழாய் மரை, என்பிடி அமெரிக்கக் குழாய் மரை. 1/8 பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 28 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. 1/8 என்பிடியில் 27 மரை, 60 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பித்தளை தாங்கிவிடும், பம்ப்பின் மெத்தென்ற வார்ப்பு தாங்காது. ஆகவே பிட்ச் கேஜ் இல்லாமல் யூனியன் வாங்கப் போகாதீர்கள். உங்கள் பம்ப்பில் வேறு மரை இருக்கலாம், அளந்து பாருங்கள்.

முதல் ஓரிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால், சரியான டேப்பில் (மரை வெட்டும் கருவி) கிரீஸ் தடவிக் கையாலேயே ஓட்டுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.

முழுக்கப் போயிருந்தால் புஷ்தான், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள சின்னக் குழல். எனக்குச் செய்தது இப்படி: துளையை 12.5 மி.மீ.க்குப் பெரிதாக்கி எம்14×1.5 (14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) டேப் அடித்தோம். வெளியே அதே மரையும் உள்ளே 1/8 பிஎஸ்பியும் உள்ள பித்தளை புஷ்ஷை லேத்தில் கடைந்தார். துளையைச் சுற்றிப் போதிய சதை இருந்தால்தான் இது நடக்கும். டிரில் நேராக இறங்க வேண்டும் என்பதால் கை டிரில் வேண்டாம், பெஞ்ச் டிரில்லே போடச் சொல்லுங்கள். புஷ்ஷின் வெளி மரையில் பெட்ரோல் தாங்கும் அனரோபிக் சீலன்ட் (காற்றுப்படாத இடத்தில் இறுகும் பசை) தடவுங்கள், முதல் மரையை விட்டுவிட்டு. ஒரு நாள் அப்படியே விடுங்கள். மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடா எனக்கு அறவே ஆகாது. பிய்ந்த நூல் கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும்.

திரும்ப மாட்டும்போது யூனியனை விரலாலேயே கடைசிவரை சுற்றுங்கள். விரலுக்குப் போகாததை ஸ்பேனரால் போகவைக்காதீர்கள். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தியபின் யூனியனடியில் காய்ந்த செய்தித்தாளை ஒற்றிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: புஷ்ஷுக்குப் பதில் ஹெலிகாயில் (மரை போன துளைக்குள் புது மரையாகச் செருகும் சுருள் கம்பி) போதாதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வாஷர் வைத்து முகப்பில் அடைபடும் யூனியனுக்குப் போதும். மரையிலேயே அடைபட வேண்டிய யூனியன் என்றால், அந்தச் சுருள் கம்பியின் பின்புறமாகப் பெட்ரோல் கசிய வழி உண்டு. அதற்கு நான் புஷ்ஷே போடுவேன்.