‘ஓடு’ வேறு, ‘ரன்’ வேறு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

திருகோணமலையில் ஒருவர் “நான் ஓட்டோ ஓடுறன்” என்று சொன்னால் அவருடைய தொழில் என்னவென்று உடனே விளங்கிவிடும். தமிழ்நாட்டில் ‘ஓட்டுறேன்’ என்பார்கள். நாங்கள் சைக்கிளும் ஓடுவோம், வானும் ஓடுவோம். இந்த ‘ஓடு’தான் ஆங்கிலம் பேசும்போது நம் காலை வாரிவிடுகிறது.

உப்புவெளியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரரிடம் ‘ஐ ரன் எ த்ரீவீலர்’ என்று சொல்லிப் பாருங்கள். பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘ரன் எ கார்’ என்றால் சொந்தமாக ஒரு கார் வைத்து, பெற்றோல், காப்புறுதி, திருத்தக் கூலி எல்லாம் கொடுத்துக் கட்டுப்படியாக்குவது. ஸ்டீயரிங் பிடிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஓடுவதற்கு ‘ட்ரைவ்’. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ரைட்’. ஆனால் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் ‘ஐ ரன் எ கெஸ்ட் ஹவுஸ்’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியைத் திருத்தியவர்கள் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கண்டதாக 2011இல் செய்தி வந்தது. பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. பஸ் ஓடுவது, பைப்பில் தண்ணீர் ஓடுவது, படம் நூறு நாள் ஓடுவது எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். பஸ்ஸில் மட்டும் ஒரு சின்னக் கவனம் வேண்டும். நிலாவெளி பஸ் வழமையாக ஓடுவதைச் சொல்ல ‘த பஸ் ரன்ஸ்’. ‘இஸ் த பஸ் ரன்னிங்?’ என்று ஒருவர் கேட்டால், இன்றைக்கு ஓடுதா, வேலைநிறுத்தம் ஏதும் உண்டா என்று கேட்கிறார். ‘மூளை ஓடல்ல’ என்பதை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மூளை ஓடாது, ‘வேர்க்’ பண்ணும்.

அதிகம் பிழைக்கிற இடம் ‘ரன் அவுட்’. 2022இல் பெற்றோல் தீர்ந்துபோய் வரிசையில் நின்ற யாருக்கும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆனால் வாக்கியம் எழுவாயைப் பொறுத்து மாறும். பெற்றோல் எழுவாயாக வந்தால் ‘த பெற்றோல் ஹாஸ் ரன் அவுட்’. நாம் எழுவாயாக வந்தால் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் பெற்றோல்’. அந்த ‘ஒஃப்’பை விழுங்கிவிடக் கூடாது. ‘ஹாவ்’ இருக்கும் இடத்தில் ‘ஆர்’ போட்டு ‘வீ ஆர் ரன் அவுட்’ என்பதும் பரவலான பிழை. ‘ஐ வாஸ் ரன் அவுட்’ என்றால் கேட்பவர் நீங்கள் பாதி பிட்ச்சில் மாட்டிக்கொண்டு ஆட்டமிழந்ததாகத்தான் எடுப்பார். அப்புறம், இறந்தகாலம் ‘ரான்’ என்றாலும் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’ வந்ததும் அது மறுபடி ‘ரன்’ ஆகிவிடும். ‘ஹாஸ் ரான்’ படித்தவர்கள் வாயிலும் வருகிறது, அது பிழைதான்.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று. தம்பி நேற்று நாற்பது ஓட்டம் எடுத்தான் என்பதற்கு ‘ஹீ கொட் ஃபோர்ட்டி ரன்ஸ்’ சரி. ‘ஹீ ஹாட் த ரன்ஸ்’ என்று எண்ணை விட்டு ‘த’வைச் சேர்த்தால் தம்பிக்கு வயிற்றோட்டம்! தமிழிலும் இரண்டுக்கும் ஓட்டம்தான், ஆனால் நாம் ‘வயிறு’ என்று முன்னால் சேர்த்துத் தப்பித்துக்கொள்கிறோம். இது வீட்டுப் பேச்சு என்பதால் டொக்டரிடம் ‘டயரியா’ என்றே சொல்லலாம். மூக்கு ஓடுவதற்கு ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ சரி. பெயராகச் சொன்னால் ‘ரன்னி நோஸ்’.

பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் தம் பாட்டில் திரிகின்றன. கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியில் மானைப் பார்த்தோம் என்பதற்கு ‘வீ ரான் இன்டு எ டியர்’ என்று சொல்லாதீர்கள். தெரிந்த ஆளைத் தற்செயலாகச் சந்தித்தால் ‘ரான் இன்டு’ அழகாகப் பொருந்தும். மானோ மதிலோ என்றால், அதுவும் வாகனத்தில் போனீர்கள் என்றால், மோதிவிட்டீர்கள் என்று அர்த்தம். ‘ரான் ஓவர்’ இன்னும் மோசம், மேலே ஏற்றிவிட்டீர்கள். மானுக்கு ‘வீ சோ எ டியர்’ போதும்.

இணையத்தில் அறை விளம்பரம் எழுதுகிறவர்கள் ‘ரன் டவுன்’ பக்கம் போகவே வேண்டாம். ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்வது ‘எ ரன்டவுன்’. ஆனால் ‘எ ரன் டவுன் ஹொட்டேல்’ என்றால் சுவர் பூத்து, கதவு கழன்று, பாழாய்க் கிடக்கும் ஹொட்டேல்.

கடைசியாக, புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்கு. விலை சொன்னதும் அந்த அம்மா ‘லெட் மீ ரன் இட் பை மை ஹஸ்பண்ட்’ என்றால் யாரும் எங்கும் ஓடப் போவதில்லை. கணவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். இது ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. உடனே விலையைக் குறைக்கத் தொடங்க வேண்டாம்.