தையல் கண்காட்சியில் பிள்ளைகள் விடும் பிழைகள்

போன மாதம் என்னிடம் தையல் பழகும் ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். மெசின், துணி, நூல், லேஸ், துண்டுத்துணி விரிப்புகள், கைவேலைகள் எல்லாம் ஒரே மண்டபத்தில். கிளிநொச்சியில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறி, மாங்குளம், புளியங்குளம் தாண்டி, கதவு திறக்க முன்னமே வாசலில் நின்றோம். பத்தரை மணிக்குள், ஒரு காலத்தில் நான் விட்ட அதே பிழைகளை ஆறு பேரில் நான்கு பேர் விட்டு முடித்திருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர்ப் போத்தல், குடை, சில்லறைக் காசு பற்றி எழுதப் போவதில்லை. அதெல்லாம் வீட்டில் சொல்லியே அனுப்புவார்கள். யாரும் சொல்லாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வெறுங்கையோடு போவது

உள்ளே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பிள்ளை பொபின் (கீழ்நூல் சுற்றி வைக்கும் சின்னச் சக்கரம்) பெட்டி ஒன்று வாங்கிவிட்டாள். இருபத்தைந்து பொபின், நல்ல மலிவு. அவளிடம் இருப்பது வீட்டுக் கால்மெசின். அவள் வாங்கியதோ காமென்ற் மெசினுக்கு, அதாவது ஆடைத் தொழிற்சாலை மெசினுக்குப் போடுவது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வட்டம் போலத்தான் தெரியும், உயரம்தான் வேறு. பொபின் இருக்கும் கேசுக்குள் போட்டால் போகும், ஆனால் உள்ளே நின்று ஆடும். கீழ்நூல் ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தொங்கும். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் மெசினைத்தான் திட்டுவோம்.

ஊசியும் அப்படித்தான். வீட்டு மெசின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெட்டியில் HA×1 என்று போட்டிருப்பார்கள். காமென்ற் மெசின் ஊசி DB×1, தலை முழுக்க உருண்டை. ஒன்றை மற்றதற்குப் போட முடியாது. அதற்குப் பிறகுதான் அளவு வரும்: மெல்லிய வொயிலுக்கு 11, சீத்தை, பொப்ளினுக்கு 14, ஜீன்சுக்கும் மூன்று அடுக்கு விரிப்புக்கும் 16.

ஆகவே புறப்பட முன் ஒரு சின்னப் பையில் உங்கள் மெசினின் பழைய ஊசி ஒன்று, பொபின் ஒன்று, துணியை அமத்திப் பிடிக்கும் கால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு வாயால் விளங்கப்படுத்தத் தேவையில்லை, எடுத்துக் காட்டினால் போதும். கட்டில் விரிப்பு தைக்கும் எண்ணம் இருந்தால் கட்டிலின் நீள அகலத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். நினைவில் இருக்கிறது என்று சொன்ன ஒருவரும் சரியான அளவில் துணி வாங்கி நான் பார்த்ததில்லை.

முதல் கடையிலேயே காசை முடிப்பது

முழு மண்டபத்தையும் ஒருமுறை சுற்றி வரும்வரை கைப்பையைத் திறக்க வேண்டாம்.

காட்டிய தையலைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாகிவிட்டது, இன்னமும் நினைத்தால் எனக்கு எரியும்.

அப்போது என்னிடம் இருந்தது அம்மாவின் கறுப்புச் சிங்கர் கால்மெசின். இடம்பெயர்ந்த நேரம் மேசையை விட்டுவிட்டு, தலையை மட்டும் கழற்றி, அம்மாவின் சேலையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி அப்பா கொண்டுவந்த மெசின். பள்ளிச் சீருடை, சட்டை, பிளவுஸ் எல்லாம் அதில்தான் தைத்தேன். ஓரம் அடிக்கவும் பொத்தான் கண் போடவும் ஊசி இடமும் வலமுமாக மாறி மாறிக் குத்தும் ஒரு சிக்சாக் மெசின் வேண்டும் என்றுதான் கண்காட்சிக்குப் போனேன். அதை ஒரு கடதாசித் துண்டில் எழுதியும் வைத்திருந்தேன்.

ஒரு கடையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி காமென்ற் மெசினில் இருந்து தைத்துக்கொண்டிருந்தார். ஜீன்ஸ் துணியை எட்டாக மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்தார். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு முழத் தையல் கண்ணுக்கு முன்னால் ஒரே கோடாக விழுந்து கிடந்தது. "அக்கா, நிமிடத்துக்கு 5000 தையல்" என்றார். கைக்காசாக 58,000 ரூபா. தவணை என்றால் மாதம் 3250 ரூபா, 24 மாதம். இந்த விலை இன்றைக்கு மட்டும். நான் கையெழுத்து வைத்தேன். கையில் இருந்த துண்டை எடுத்துப் பார்க்கவேயில்லை.

மெசின் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. அது நேர்த்தையல் மட்டும் தைக்கிற மெசின். சிக்சாக் இல்லை, பொத்தான் கண் இல்லை. நான் எதற்காகப் போனேனோ அது அதில் இல்லவே இல்லை. மோட்டார் பழைய கிளட்ச் வகை, 400 வாட்ஸ். சுவிட்சைப் போட்டால் நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். குண்டூசி குத்தும் நேரமும் ஓடும், துணியைத் திருப்பும் நேரமும் ஓடும், மாதக் கடைசியில் கரண்ட் பில்லில் தெரியும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைற் போட்டதும் எங்கள் வீதியில் கரண்ட் குறைந்துவிடும், மோட்டார் முக்கும். பிள்ளைகளின் வேலை முடிந்து நான் தைக்க இருப்பதே அந்த நேரத்தில்தான்.

ஊசி முறிந்தால் எங்கள் சந்திக் கடையில் கிடையாது. காமென்ற்ஸில் வேலை செய்யும் அயலட்டைப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டுத்தான் எங்கே வாங்குவது என்றே அறிந்தேன். அடியில் எண்ணெய்த் தட்டு இருக்கிறது, கோட்டு அளவுக்கு வெள்ளை எண்ணெய் நிரப்பாமல் வேகமாக ஓட்டவே கூடாது என்பதை விற்றவர் சொல்லவில்லை. திருத்த ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும், வரும் திகதி அவர்களுக்கே தெரியாது.

சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். அம்மாவின் அந்தக் கறுப்பு மெசினைப் போலவே எத்தனையோ பேர் செய்து விற்றதால், ஒரு ஸ்பிறிங் உடைந்தாலும் தோல்பட்டி அறுந்தாலும் கிளிநொச்சியில் சின்னக் கடையில்கூட மாற்றுச் சாமான் கிடைக்கும். மெசின் வாங்குவது என்றால் அந்தக் கடையையும், திருத்தும் அண்ணையையும், ஊசி விற்கும் ஆளையும் சேர்த்து வாங்குவது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கணக்கையும் சொல்கிறேன். 3250ஐ 24ஆல் பெருக்கினால் 78,000. கைக்காசு விலையைவிட 20,000 ரூபா கூட. கடையில் நின்றபோது 3250 மட்டும்தான் என் காதில் விழுந்தது. அந்த 24 மாதத் தவணையையும் நான் கட்டியது அம்மாவின் கால்மெசினில் சீருடை தைத்து. புது மெசின் மூலையில் துணி போர்த்தி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே பழையதை மிதிப்பேன்.

காமென்ற் மெசின் கூடாத மெசின் என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவில் ஐம்பது காற்சட்டை தைப்பவருக்கு அது பொன். பிறகு நானும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றி, மிதித்தால் மட்டும் ஓடும் சேர்வோ மோட்டார் போட்டேன். வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம், இப்போது அதில்தான் நீளத் தையல் எல்லாம் அடிக்கிறேன். பிழை மெசினில் இல்லை. என் வேலைக்கு எது வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அந்தத் தம்பியின் கைவேகத்தைப் பார்த்து நான் வாங்கினேன்.

இதையெல்லாம் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! போன மாதம் திரும்பிப் பார்க்கிறேன், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கையில் பேனையோடு நிற்கிறாள். முன்னால் கொம்பியூட்டர் எம்பிராய்டரி மெசின், மேசையில் தவணைப் படிவம்.

"ரீச்சர், இந்த விலை இன்றைக்கு மட்டும்தானாம்."

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவளுடைய சால்வை மெல்லிய வொயில். அதன் நுனியைக் கொடுத்து, "தம்பி, இதில ஒரு கோடு தைச்சுக் காட்டுங்கோ" என்றேன். அவர் தயங்கினார். "அக்கா, இது நல்ல மெல்லிசு" என்றார். "அவள் தைக்கிறதும் மெல்லிசுதான்" என்றேன். தைத்தார். தையல் நெடுகத் துணி சுருங்கி, ஓரம் கொசுவியது போல் ஏறி நின்றது. மெசினில் பழுதில்லை. தடித்த துணிக்குப் போட்ட ஊசியை மாற்றி, நூல் இழுவையைத் தளர்த்தியிருந்தால் அழகாகத் தைத்திருக்கும். அதை எப்படிச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைத் துணியில் இரண்டு பூப் போட்டுக் காட்ட மட்டும்தான் அவரைப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பேனையை மூடினாள்.

மெசின் பார்க்கப் போகிறவர்கள் உங்கள் துணியையே கொண்டு போங்கள், மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று. உங்கள் நூலையும் கொண்டு போங்கள். போட்டிருக்கும் நூலை அறுத்துவிட்டு முதலிலிருந்து கோக்கச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டிக் காட்டுவது எல்லா மெசினுக்கும் சுலபம், மெதுவாக, ஒரு தையல் ஒரு தையலாக, ஒரு மூலையைத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள். துணியைப் புரட்டிக் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். திருத்த யார், எந்த ஊரிலிருந்து வருவார் என்று கேளுங்கள். தவணையை நீங்களே போனில் பெருக்குங்கள். அப்புறம் வெளியே வந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அதே மெசின் வைத்திருக்கும் ஒரு பெண்ணோடு கதைக்கும்வரை கையெழுத்து வேண்டாம். நுண்கடனில் எத்தனை வீடுகள் நித்திரை இழந்தன என்று எங்கள் வன்னிச் சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மண்டப வெளிச்சத்தில் துணியை நம்புவது

உள்ளே நீலமாகத் தெரிந்தது வாசலில் பச்சை கலந்ததாக இருக்கும். துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். கடுஞ்சிவப்பு, கருநீலம் இரண்டும் பெரும்பாலும் சாயம் விடும். பக்கத்தில் வெள்ளைத் துண்டு வைத்து விரிப்புத் தைத்தால் முதல் கழுவலிலேயே முழுவதும் ரோஸ் நிறம்தான்.

பருத்தியா என்று சந்தேகம் இருந்தால் இரண்டு இழை வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிவது போல் மணந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கரிய மணியாக இறுகும். அகலத்தையும் கேளுங்கள். 36 அங்குலம், 45, 60 என்று மூன்றும் ஒரே மேசையில் கிடக்கும். ஒரு யாருக்கு (கெஜத்துக்கு) என்ன விலை என்பதை மட்டும் பார்த்தால் மலிவானது உண்மையில் விலை கூடியதாக இருக்கும்.

நிறைக்கு விற்கும் வெட்டுத்துண்டுகளில் பாதி இழுபடும் துணி. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, இழுபடுவதை ஒதுக்கிவிடுங்கள். இழுபடாத துணியோடு அதைச் சேர்த்தால் விரிப்பு அலை அலையாக நிற்கும். 5 அங்குலச் சதுரம் நூறு வாங்கிவிட்டு, பத்துக்குப் பத்தாக வைத்தால் 50 அங்குலம் வரும் என்று நினைக்காதீர்கள். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும், வருவது 45தான்.

விரிப்பைத் தொடுவது

கேட்காமல் தொடாதீர்கள்.

படம் எடுத்துக்கொண்டு நகர்வது

மண்டபத்தின் கடைசி மூலையில் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா கையால் தைத்த துண்டுத்துணி விரிப்பு ஒன்றைக் கயிற்றில் போட்டிருந்தார். பிள்ளைகள் போனில் படம் எடுத்தார்கள், அரை நிமிடத்தில் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். நான் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன். படத்தில் நிறம் மட்டும்தான் வரும். பின்பக்கத்தை எப்படி முடித்தார், மூலையில் நான்கு துணி சேருமிடத்தில் தடிப்பு வராமல் எப்படி மடித்தார் என்பது வராது.

அனுமதி கேட்டுப் புரட்டிப் பார்த்தோம். நடுவில் பஞ்சு இல்லை. பழைய நூற்சேலை ஒன்று இரண்டாக மடித்து வைத்திருந்தது. "எங்கட வெக்கைக்குப் பஞ்சு என்னத்துக்குப் பிள்ளை? கழுவினா ஒரு பக்கமாத் திரண்டு போயிடும். சேலை திரளாது" என்றார் அந்த அம்மா. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வரியாக ஓட்டுத் தையல். முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவர் ஊசியை எடுத்து, நூலை மேல்துணிக்குள் சின்னதாக ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சு மெல்லிய 'டிக்' சத்தத்தோடு உள்ளே போய் சேலைக்குள் மாட்டிக்கொண்டது.

எங்கள் பஸ் ஐந்தரைக்கு. ஐந்து மணிவரைக்கும் ஆறு பேரும் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்கள். ஒட்டுசுட்டான் பிள்ளை அந்தத் தவணைப் படிவத்தின் பின்பக்கத்தில் தையல் போகும் திசையைக் கீறிக்கொண்டிருந்தாள்.